ஜார்ஜ் டவுன் மாநகரம்: தீவும் எதிர்க்கரையும்



பினாங்கின் வரலாற்றை எழுதச் சொன்னால் பெரும்பாலான மாணவர்கள் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். பிரான்சிஸ் லைட் வந்தார், கோட்டை கட்டினார், வணிகம் வளர்ந்தது, பாலம் கட்டினார்கள், யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் பைராம் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: "டீச்சர், இதுல நம்ம பக்கம் எங்க இருக்கு? நாமளும் பினாங்குதானே?"

நியாயமான கேள்வி. பைராம் தோட்டம் நிபோங் திபால் வட்டாரத்தில், செபராங் பிறையின் தென்பகுதியில் இருக்கிறது. வரைபடத்தில் அது பினாங்கு மாநிலம்தான். ஆனால் நாம் எழுதுகிற வரலாறு கடலைத் தாண்டி இந்தக் கரைக்கு வருவதே இல்லை. தீவில் இருக்கும் நகரம் தீவினால் மட்டும் வளரவில்லை, எதிர்க்கரையால் வளர்ந்தது. இதைப் புரிந்துகொண்டால் ஜார்ஜ் டவுனின் வரலாறும் புவியியலும் சேர்ந்தே மனத்தில் நிற்கும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

1. முதலில் வரைபடம்

வரலாற்றுப் பாடத்தை ஆண்டில் தொடங்காமல் வரைபடத்தில் தொடங்குங்கள். மாணவர்களே ஒரு தாளில் வரையட்டும். மேற்கே மலாக்கா நீரிணை, அதற்கும் அப்பால் சுமத்திரா. நடுவே பினாங்குத் தீவு. கிழக்கே ஒரு குறுகிய கால்வாய் போன்ற கடல், அதற்கடுத்துப் பெருநிலம். நகரத்துக்கு அருகில் இந்தக் கடலின் அகலம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர்தான்.

தீவின் நடுப்பகுதி மலை. கொடிமலை என்று நாம் சொல்லும் பினாங்கு மலை 800 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. மேற்கிலிருந்து வரும் பருவக்காற்றின் வேகத்தை இந்த மலைத்தொடர் தடுத்துவிடுகிறது. ஆகவே தீவின் கிழக்குப் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும், கப்பல் நிறுத்த ஏற்ற இடம். வடகிழக்கு மூலையில் கடலுக்குள் நீண்டிருக்கும் சமவெளி முனைதான் ஜார்ஜ் டவுன் எழுந்த இடம். அதன் பழைய மலாய்ப் பெயர் தஞ்சோங் பெனாகா. 'தஞ்சோங்' என்றால் முனை. 'பெனாகா' என்பது வேறொன்றும் இல்லை, நம் புன்னை மரம். மலாய்க்காரர்கள் இன்றும் நகரத்தைத் 'தஞ்சோங்' என்று சொல்வதைக் கேட்கலாம். 'பூலாவ் பினாங்' என்பது பாக்குத் தீவு. ஆக, முனைக்குப் புன்னையின் பெயர், தீவுக்குப் பாக்கின் பெயர்.

இப்போது பரப்பளவைப் பாருங்கள். தீவு ஏறக்குறைய 295 சதுர கிலோமீட்டர். பெருநிலப் பகுதியான செபராங் பிறை ஏறக்குறைய 750 சதுர கிலோமீட்டர். அதாவது மாநிலத்தின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் எதிர்க்கரையில்தான் இருக்கிறது. மூடா, பிறை, கெரியான் ஆகிய ஆறுகளும் அந்தப் பக்கம்தான். தீவில் மலையோடைகள் உண்டே தவிர பெரிய ஆறு கிடையாது. நிலமும் நீரும் அங்கே, துறைமுகம் இங்கே. இந்த ஒரு வரி மனத்தில் இருக்கட்டும். கட்டுரை முழுக்க இதுதான் வேலை செய்யப்போகிறது.

2. 1786: ஏன் இந்தத் தீவு?

18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவே ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சோழமண்டலக் கரையில் கப்பல்களுக்குப் பாதுகாப்பான இடம் இல்லை. வங்கக் கடலின் கிழக்குப் பக்கத்தில் கப்பலை நிறுத்தவும் பழுதுபார்க்கவும் ஓர் இடம் வேண்டும். மலாக்காவோ டச்சுக்காரர் கையில் இருந்தது.

பினாங்கு அப்போது கெடா சுல்தானுக்குச் சொந்தம். சுல்தான் அப்துல்லாவுக்கு சயாமின் அச்சுறுத்தல் இருந்தது. தீவைக் கொடுத்தால் படை உதவி கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். பிரான்சிஸ் லைட் 1786 ஜூலையில் வந்து இறங்கி, ஆகஸ்ட் 11ஆம் நாள் கம்பெனியின் பெயரால் கொடியேற்றினார். மறுநாள் வேல்ஸ் இளவரசரின் பிறந்தநாள். அதனால் தீவுக்கு 'வேல்ஸ் இளவரசர் தீவு' என்று பெயர் வைத்தார்கள். நகரத்துக்கு அரசர் மூன்றாம் ஜார்ஜின் பெயர்.

காட்டை வேகமாக வெட்ட வைக்க லைட் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை உண்டு. வகுப்பில் சொல்ல நன்றாக இருக்கும், பிள்ளைகளும் ரசிப்பார்கள். ஆனால் தேர்வுத் தாளில் 'செவிவழிக் கதை' என்ற குறிப்போடுதான் எழுத வேண்டும்.

சுல்தான் எதிர்பார்த்த படை உதவி கிடைக்கவில்லை. கம்பெனி வாக்கைக் காப்பாற்றவில்லை என்று கண்ட சுல்தான், 1791இல் தீவை மீட்கப் படை திரட்டினார். அந்தப் படை கூடிய இடம் எது தெரியுமா? எதிர்க்கரையில் இருக்கும் பிறை. லைட் முந்திக்கொண்டு தாக்கி வென்றார். அதே ஆண்டு போடப்பட்ட ஒப்பந்தத்தின்படி சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் தருவதாக முடிவானது.

இந்த அனுபவம் கம்பெனிக்கு ஒரு பாடம். எதிர்க்கரை வேறொருவர் கையில் இருந்தால் தீவுக்கு நிம்மதி இல்லை. துறைமுகத்தின் இரண்டு பக்கமும் வேண்டும், கடற்கொள்ளையரைத் தடுக்க வேண்டும், நகரத்துக்கு உணவும் வேண்டும். 1800இல் சர் ஜார்ஜ் லீத் எதிர்க்கரையின் ஒரு நீண்ட பட்டையைக் கெடாவிடமிருந்து பெற்றார். ஆண்டுத் தொகை 10,000 டாலராக உயர்ந்தது. அந்த நிலத்துக்கு அன்றைய தலைமை ஆளுநர் வெல்லெஸ்லியின் பெயரால் 'வெல்லெஸ்லி மாகாணம்' என்று பெயரிட்டார்கள். இன்றைய செபராங் பிறை அதுதான். 'செபராங்' என்ற மலாய்ச் சொல்லுக்கே எதிர்க்கரை என்றுதான் பொருள்.

3. தெருக்களே சாட்சி

கோர்ன்வாலிஸ் கோட்டை முதலில் செங்கல் கோட்டை அல்ல. நிபோங் எனும் பனை வகையின் தண்டுகளை நட்டுக் கட்டிய வேலிதான். நிபோங் திபால் என்ற ஊர்ப்பெயரில் இருப்பதும் அதே மரம்தான். பின்னர்தான் அது செங்கல்லாக மாறியது. அதைக் கட்டியதிலும் நகரச் சாலைகள் போட்டதிலும் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பு இருக்கிறது.

லைட் தெரு, பீச் தெரு, சூலியா தெரு, பிட் தெரு ஆகியவை நகரத்தின் தொடக்ககால எல்லைகள். 'சூலியா' என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறித்த சொல். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் எனப் பல துறைகளிலிருந்து அவர்கள் வந்தார்கள். லைட்டின் காலத்திலேயே, 1790களில், ஏறக்குறைய ஆயிரம் சூலியர்கள் இங்கே குடியேறிவிட்டார்கள்.

பிட் தெருவில் (இன்றைய ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்) ஒரு நடை நடந்தால் போதும், நகரத்தின் சமூக வரலாறு கண்முன் வந்துவிடும். 1800இல் எழுந்த சீனர்களின் கருணைத் தெய்வக் கோயில். 1801இல் காதிர் மொஹிதீன் தலைமையில் அமைந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1818இல் கட்டி முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அடுத்த தெருவான குயீன் தெருவில் 1833ஆம் ஆண்டின் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம். பக்கத்திலுள்ள பினாங்கு தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கோவில் வீடு. தைப்பூசத்தில் வெள்ளி ரதம் தண்ணீர்மலைப் பக்கம் புறப்படுவது அங்கிருந்துதான். மார்க்கெட் தெருவை நம்மவர்கள் 'கடைத்தெரு' என்றே சொல்லி வந்திருக்கிறார்கள்.

பீச் தெருவைப் பற்றி மாணவர்கள் கேட்பார்கள்: "கடற்கரைத் தெருன்னு பேரு, கடலையே காணோமே?" ஒரு காலத்தில் அதுதான் கடலோரம். 1880களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ உருவாக்கியதும் கரை கிழக்கே தள்ளிப்போனது. பெயர் மட்டும் பழைய கரையை நினைவில் வைத்திருக்கிறது.

ஆட்சி முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1805இல் பினாங்கு, வங்காளம், சென்னை, பம்பாய்க்கு அடுத்து இந்தியாவின் நான்காவது மாகாணமாக உயர்த்தப்பட்டது. 1826இல் மலாக்கா, சிங்கப்பூரோடு சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்கள் ஆனது. தலைநகராக இருந்த பெருமை 1832இல் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. 1867 வரை இந்த நகரம் இந்தியாவின் ஆட்சிக்கு உட்பட்டே இருந்தது. அதன்பின் நேரடியாக லண்டன்.

4. எதிர்க்கரையின் கரும்பும் நம் முன்னோரும்

தலைநகர் பதவி போனாலும் நகரம் சாகவில்லை. காரணம் எதிர்க்கரை. தீவின் மலைச்சரிவில் மிளகும் சாதிக்காயும் பயிரிட்டார்கள். கரும்புக்கோ தாழ்வான வண்டல் நிலம் வேண்டும், ஆலைக்கு விறகும் வேண்டும், வெட்டிய கரும்பைக் கொண்டுபோக வாய்க்காலும் வேண்டும். இவை மூன்றும் பத்து காவான், நிபோங் திபால் பக்கத்துக் கடலோரத்தில் கிடைத்தன. முதலில் சீனர்கள் கரும்பு நட்டார்கள். 1840களில் ஐரோப்பியர்கள் பெருந்தோட்டங்களைத் தொடங்கினார்கள்.

அந்தத் தோட்டங்களுக்கு ஆள் தேடிப் போன இடம் தமிழ்நாடு. வறட்சியும் கடனும் வாட்டிய தஞ்சை, திருச்சி வட்டாரங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் வந்தார்கள். கப்பல் செலவே கடனாகத் தலையில் ஏறும். ஒப்பந்தக் காலம் முடியும் முன் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம், சிறைத் தண்டனைகூட உண்டு. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பலரைக் கொண்டுபோயின. நாகப்பட்டினத்தில் ஏறிய கப்பல் பினாங்கில் வந்து நிற்கும். நோய்த்தடுப்புக் காவலுக்காகப் பலரை ஜெரெஜாக் தீவில் வைத்திருந்து அதன் பிறகே தோட்டத்துக்கு அனுப்பினார்கள். பலருக்கு ஜார்ஜ் டவுன் கண்ணால் பார்த்துக் கடந்துபோன ஊர் மட்டும்தான்.

பைராம் என்ற பெயரும் ஒரு சாட்சியே. கலிடோனியா உள்ளிட்ட இந்த வட்டாரத் தோட்டங்கள் பினாங்கு சர்க்கரைத் தோட்ட நிறுவனத்தின் கீழ் இருந்தன. அதன் உடைமையாளர்கள் ராம்ஸ்டன் குடும்பத்தினர். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் அக்குடும்பத்தின் மாளிகை இருந்த இடத்தின் பெயர் பைராம். அதே பெயர்தான் நம் தோட்டத்துக்கும். கலிடோனியா என்பது ஸ்காட்லாந்தின் பழைய பெயர். முதலாளிகள் தங்கள் ஊரின் பெயரைக் கொண்டுவந்து வைத்தார்கள். நம்மவர்கள் தங்கள் ஊரின் மாரியம்மனையும் முனியாண்டியையும் கொண்டுவந்து வைத்தார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டது. கங்காணி முறை தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தும்வரை அது நீடித்தது.

5. ரயில் இல்லாத ரயில் நிலையம்

1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்களின் வரத்து பெருகியது. பேராக்கின் ஈயமும் பிறகு ரப்பரும் பினாங்குத் துறைமுகம் வழியாக உலகச் சந்தைக்குப் போயின. டத்தோ கிராமாட் சாலையில் ஈய உருக்காலை எழுந்தது. பீச் தெருவில் வங்கிகள் வந்தன. செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள். ஈயம் தோண்டியது பேராக்கில், ரப்பர் சீவியது பெருநிலத்துத் தோட்டங்களில். கணக்கு எழுதியது மட்டும் தீவில்.

இதை விளக்க ஒரு நல்ல எடுத்துக்காட்டு வெல்ட் கீயில் இருக்கிறது. மணிக்கூண்டோடு கூடிய பழைய ரயில்வே கட்டடம் அது, 1900களில் கட்டியது. அங்கே ரயில் டிக்கெட் வாங்கலாம், ஆனால் ரயில் வராது! டிக்கெட் வாங்கியவர்கள் படகேறிப் பிறைக்குப் போய்த்தான் ரயில் ஏற வேண்டும். 'ரயில் இல்லாத ரயில் நிலையம்' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். நகரமும் எதிர்க்கரையும் ஒன்றை ஒன்று நம்பி வாழ்ந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

6. 1941: கைவிடப்பட்ட நகரம்

1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனைக் கடுமையாகக் குண்டுவீசித் தாக்கின. தெருவில் நின்று வேடிக்கை பார்த்த மக்கள் ஏராளமாக இறந்தார்கள். சில நாட்களில் ஆங்கிலேயர்கள் ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாக வெளியேற்றினார்கள். ஆசிய மக்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்போது பொறுப்பை எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத் தமிழரான மாணிக்கசோதி சரவணமுத்து. 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர். கோட்டையில் பறந்துகொண்டிருந்த ஆங்கிலேயக் கொடியை இறக்கச் செய்து, ஆங்கிலேயர் போய்விட்டார்கள், நகரத்தைக் குண்டுவீசாதீர்கள் என்று வானொலி மூலம் தெரிவிக்க வைத்தவர் அவர். பல இனத் தலைவர்களும் சேர்ந்த சேவைக் குழு நகரத்தில் ஒழுங்கைக் காத்தது. டிசம்பர் 19ஆம் நாள் ஜப்பானியர் நகருக்குள் நுழைந்தார்கள். எதிர்க்கரையின் கதை வேறு மாதிரி. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். பலர் திரும்பவில்லை.

'வெள்ளைக்காரன் காப்பாற்றுவான்' என்ற நம்பிக்கை உடைந்தது இந்த நகரத்தில்தான் என்று சொன்னால் மிகையாகாது. சுதந்திர உணர்வுக்கான காரணங்களை எழுதும்போது இதை மறக்கக் கூடாது.

7. பாலமும் தண்ணீரும்

1957 ஜனவரி 1ஆம் நாள் ஜார்ஜ் டவுன் மாநகரத் தகுதி பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது. ஆனால் 1960களின் இறுதியில் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதி நீங்கியதும் வணிகம் தளர்ந்தது, வேலையின்மை பெருகியது. அதற்கு மாற்றாக 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப மண்டலம் தொடங்கியது. பிறையிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பால் வாளியை விட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிய காலம் அது.

1985இல் முதல் பாலம் திறக்கப்பட்டது, நீளம் 13.5 கிலோமீட்டர். 2014இல் இரண்டாவது பாலம், 24 கிலோமீட்டர். இந்த இரண்டாவது பாலம் பெருநிலத்தில் தொடங்கும் இடம் பத்து காவான், அன்று கரும்பு விளைந்த அதே மண். நிபோங் திபால் பக்கத்துக்காரர்கள் முன்பு பட்டர்வொர்த் போய், ஃபெரி ஏறித்தான் தீவுக்குப் போவார்கள். இன்றைக்கு நேரே போய்விடலாம்.

2008இல் ஜார்ஜ் டவுன் மலாக்காவோடு யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 2019இல் செபராங் பிறையும் மாநகரமானது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 1.7 மில்லியனுக்கும் மேல் மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எதிர்க்கரைவாசிகள். இன்னொன்று: தீவின் வீடுகளில் குழாயைத் திறந்தால் வரும் நீரில் பெரும்பகுதி மூடா ஆற்றின் நீர். கடலுக்கடியில் குழாய் வழியாக அது போகிறது. 1800இல் எதிர்க்கரை எதற்குத் தேவைப்பட்டதோ, இன்றும் அதற்கே தேவைப்படுகிறது.

8. விடை எழுதுவோருக்கு

மரபுரிமைப் பட்டியல் நகரத்தின் பழைய கட்டடங்களைக் காக்கிறது, நல்லது. ஆனால் தோட்டத்து லயங்களுக்கு அப்படி ஒரு காவல் இல்லை. ரப்பர் போய் எண்ணெய்ப் பனை வந்தது, பல தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயம் இடிந்தால் அதில் வாழ்ந்தவர்களின் வரலாற்றுக்குக் கட்டடச் சாட்சி இருக்காது. எழுத்துச் சாட்சி மட்டும்தான் மிச்சம். அதை எழுத வேண்டியவர்கள் நம் மாணவர்கள். அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: "நம்ம பக்கம் இல்லாம இந்த நகரமே இல்லம்மா. நீதான் எழுதணும்."

நினைவில் கொள்ள வேண்டிய ஆண்டுகள்:
1786 – லைட் தீவைக் கைப்பற்றல்
1791 – கெடாவுடன் ஒப்பந்தம்
1800 – வெல்லெஸ்லி மாகாணம்
1805 – நான்காவது மாகாணம்
1826 – நீரிணைக் குடியேற்றங்கள்
1867 – நேரடி லண்டன் ஆட்சி
1910 – ஒப்பந்தக் கூலி முறை ஒழிப்பு
1941 – ஜப்பானியர் வருகை
1957 – மாநகரத் தகுதி, விடுதலை
1985, 2014 – பாலங்கள்
2008 – உலக மரபுரிமை

பயிற்சி வினாக்கள்:
1. ஜார்ஜ் டவுன் துறைமுக நகரமாக வளரப் புவியியல் எவ்வாறு துணை செய்தது? மூன்று காரணங்கள் தருக.
2. 1791ஆம் ஆண்டு நிகழ்வுக்கும் 1800ஆம் ஆண்டு உடன்பாட்டுக்கும் உள்ள தொடர்பை விளக்குக.
3. 'எதிர்க்கரை இன்றித் தீவு நகரம் இல்லை.' இக்கூற்றை நிலம், நீர், உழைப்பு ஆகிய மூன்று நோக்கில் ஆராய்க.
4. உங்கள் குடும்பத்தில் மூத்தவர் ஒருவரிடம், எந்தத் தோட்டத்தில் வாழ்ந்தார், முதன்முதலில் தீவுக்கு எப்போது, எதற்காகப் போனார் என்று கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக. ஆசிரியர்கள் இவற்றைத் தொகுத்துப் பள்ளி நூலகத்தில் வைக்கலாம்.